அரசலாற்று முகத்துவாரமும் பாய்ப்படகின் விதிகளும்

ஏரி, உப்பங்கழி, ஆற்று முகத்துவாரம் போன்ற அடங்கிய நீரில், இயந்திரத் துணையின்றிக் காற்றை மட்டும் நம்பி ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறு படகே பொழுதுபோக்குப் பாய்ப்படகு. அதன் நீளம் பெரும்பாலும் 2 முதல் 5 மீட்டர் வரை இருக்கும். அதில் மீன் பிடிப்பதில்லை, சரக்கு ஏற்றுவதில்லை. புறப்பட்ட கரைக்கே திரும்பி வருவதுதான் பயணம். இத்தனை எளிய விளையாட்டுக்கு உலகம் முழுவதும் விரிவான விதிகள் உண்டு. யார் யாருக்கு வழி விட வேண்டும், எப்போது கொடி ஏற்ற வேண்டும், தவறு செய்தவர் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லும். காற்று பாயின்மேல் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தவருக்கு அவற்றில் பெரும்பகுதி மனப்பாடம் செய்யாமலே விளங்கிவிடும்.

இந்த விளையாட்டுக்கு ஏற்ற நீர் காரைக்காலில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையின் கடலோர முனையில், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தனித் துண்டாக இம்மாவட்டம் அமைந்திருக்கிறது. தட்டையான டெல்டா நிலம் என்பதால் பெரிய ஏரிகள் அரிது. நல்லம்பல் ஏரி போன்ற ஒன்றிரண்டையும் கோயில் குளங்களையும் விட்டால், அகன்ற நீர்ப்பரப்பு கிடைப்பது ஆறுகள் கடலைத் தொடும் இடங்களில்தான். அவற்றில் நகரை ஒட்டி ஓடும் அரசலாறு முக்கியமானது. அதன் கரையில் சுற்றுலாப் படகுக் குழாமும் உண்டு, மீன்பிடித் துறைமுகமும் உண்டு. உல்லாசப் பயணமும் பிழைப்பும் ஒரே கால்வாயைப் பங்கிட்டுக்கொள்ளும் நீர் இது. ஆகவே இங்கே பாய் விரிக்க நினைப்பவர் காற்றோடு சேர்த்து அண்டை அயலாரையும் அறிந்திருக்க வேண்டும்.

இக்கடற்கரையில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் முகத்துவாரத்தில் நீரோட்டம் பெரும்பாலான நாட்களில் மெதுவானது. கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணல், ஆற்றில் நீர்வரத்து குறையும் கோடையில் வாய்ப்பகுதியில் திட்டாகச் சேரும். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்த பிறகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் ஆறு அந்தத் திட்டை உடைத்துக்கொண்டு ஓடும். ஒரே இடம் மே மாதத்தில் குளம்போலக் கிடக்கும். நவம்பரில் பெருக்கெடுத்த ஆறாக மாறும். படகோட்டி நாட்காட்டியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

காற்றுக்கும் நாட்காட்டி உண்டு. கடலோர மீனவர் வழக்கில் மேற்குக் காற்று கச்சான், கிழக்குக் காற்று கொண்டல், வடக்குக் காற்று வாடை, தெற்குக் காற்று சோழகம். திசைக்கு ஒரு பெயர் வைத்திருப்பதிலிருந்தே, இந்த மக்கள் காற்றை எவ்வளவு கவனித்தார்கள் என்பது தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் கச்சான் வீசும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுவே கடற்காற்று. கச்சான் வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும்; சில நாட்களில் கரையேறாமலே போகும். கரையேறும் நாளிலோ காற்றின் திசை சில நிமிடங்களுக்குள் மேற்கிலிருந்து கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ புரண்டுவிடும். பாய்ப்படகில் இருப்பவருக்கு இது சிறிய மாற்றமில்லை. முன்னால் இருந்த காற்று முதுகுக்கு வந்துவிடுகிறது.

பாய் காற்றைத் தடுத்து நிறுத்துவதால் மட்டுமே படகு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது அது சரி. பக்கவாட்டிலிருந்து வரும்போது நடப்பது வேறு. பாய் அப்போது சிறகைப்போல் வளைந்து நின்று, தன்மேல் வரும் காற்றின் போக்கைத் திருப்பி அனுப்புகிறது. காற்றை ஒரு பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கம் விசை கிடைக்கும். அந்த விசை படகைக் குறுக்காகத் தள்ளப் பார்க்கும். இங்கேதான் நீருக்குள் இருக்கும் பலகை வேலை செய்கிறது. படகின் நடுவே ஒரு பிளவு வழியாகச் செங்குத்தாக இறக்கப்படும் இந்த நடுப்பலகை, படகு பக்கவாட்டில் நழுவுவதைத் தடுத்து முன்னோக்கிப் போக விடுகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களால் அழுத்தினால் அது முன்னே பாய்வதுபோல, பாயின் விசைக்கும் பலகையின் எதிர்ப்புக்கும் நடுவே படகு முன்னே பிதுங்கிச் செல்கிறது.

ஆனாலும் காற்று வரும் திசைக்கு நேரெதிரே எந்தப் பாய்ப்படகும் போக முடியாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரையுள்ள பகுதி அதற்கு மூடிய கதவு. அந்தப் பக்கம் இருக்கும் கரையை அடைய வேண்டுமானால், ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் கோணல்மாணலாக ஏற வேண்டும். நேர்வழியில் 1 கிலோமீட்டர் என்றால் இப்படி ஏறும் தூரம் 1.4 கிலோமீட்டர். காற்றோடு போகும் பயணம் சுகமாகவும் வேகமாகவும் இருக்கும். திரும்பி வருவதுதான் உழைப்பு. ஆகவே அனுபவசாலிகள் முதலில் காற்றுக்கு எதிராக ஏறிவிட்டு, களைத்த பிறகு காற்றோடு வீடு திரும்புவார்கள். அரசலாற்றில் இதற்குத் தனி அழுத்தம் உண்டு. காலைக் கச்சானில் படகை அவிழ்த்துவிட்டால் அது தானாகவே கடல்வாயை நோக்கித்தான் போகும். கற்றுக்குட்டி ஒருவர் சிரமமின்றி முகத்துவாரம் வரை மிதந்து வந்துவிட்டு, அங்கே மணல் திட்டுக்கும் அலைக்கும் நடுவே நின்று திரும்பும் வழியைத் தேடும் நிலை வரக்கூடாது. கச்சான் நாளில் மேற்கே ஏறுவதே முதல் வேலை.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறும். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஓட்டும் ஐஎல்சிஏ 7 என்ற ஒற்றை ஆள் படகின் பாய் ஏறத்தாழ 7 சதுர மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழும் விசை சுமார் 14 கிலோ எடைக்குச் சமம். காற்று இரட்டித்து 36 கிலோமீட்டர் ஆனால் அது 55 கிலோவுக்கு மேல். முன்னதை ஓர் இளைஞர் ஒற்றைக் கையால் சமாளிப்பார். பின்னதற்குப் படகின் விளிம்புக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத் தொங்கினாலும் போதாமல் போகலாம். நீரில் ஆங்காங்கே வெண்நுரை தோன்றத் தொடங்கும் காற்று, பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுகோலில் 3ஆம் நிலை. மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். அந்த நுரை எங்கும் பரவத் தொடங்கும்போது கற்றுக்குட்டிகள் கரையில் இருப்பது நல்லது.

பெரிய கப்பலுக்கு அடியில் கனம் இருக்கும். சிறு பாய்ப்படகுக்கு ஓட்டுபவரின் உடம்பே கனம். பாக் நீரிணைக் கரையில் இந்த உத்தி பழைய காலத்திலிருந்து இருக்கிறது. அப்பகுதிப் படகுகளில் குறுக்காக நீளும் பலகை ஒன்றைக் காற்று வரும் பக்கம் நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி அமர்ந்து பாயின் சாய்வை ஈடுசெய்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் படகுகளை ஆராய்ந்து எழுதினார். தொண்டி வட்டாரக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேறிப் போன மார்த்தினிக் தீவிலும் இதே அறிவு வேறு வேரிலிருந்து முளைத்திருக்கிறது. அங்குள்ள யோல் என்ற படகில் கனமும் கிடையாது, நடுப்பலகையும் கிடையாது. பக்கவாட்டில் நீட்டிய கழிகளில் ஆட்கள் தொங்கித்தான் படகை நிமிர்த்தி வைக்கிறார்கள். அந்தப் படகுக் கலையைக் காக்கும் முயற்சியை யுனெஸ்கோ 2020இல் நல்ல முன்மாதிரியாகப் பதிவு செய்தது. கழியில் தொங்கும் ஆளும் பலகையில் அமரும் ஆளும் ஒரே நெம்புகோல் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

கணக்குத் தவறினால் படகு கவிழும். சிறு பாய்ப்படகில் கவிழ்வது விபத்தாகக் கருதப்படுவதில்லை. அது பாடத்திட்டத்தின் பகுதி. நல்ல பயிற்சிப் பள்ளிகளில் மாணவரைக் கொண்டே படகை வேண்டுமென்று கவிழ்க்கச் செய்வார்கள். குழந்தைகள் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் பாடமும் அதுதான். கவிழ்ந்தவர் படகை விட்டு நீந்திப் போகக்கூடாது என்பது முதல் விதி. கரை கண்ணுக்கு அருகில் தெரிந்தாலும் நீந்துபவரின் கணிப்பு பொய்க்கும். மிதக்கும் படகோ தொலைவிலிருந்தும் மீட்பவர் கண்ணுக்குத் தெரியும். பிறகு படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, நீருக்கு மேல் தூக்கி நிற்கும் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, உடல் எடையால் நெம்பினால் படகு எழும். அரசலாறு போன்ற ஆழம் குறைந்த, வண்டல் படிந்த நீரில் ஒரு சிக்கல் உண்டு. படகு முழுதும் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அதைத் தடுக்க, கற்பவர் படகுகளில் மரத்தின் உச்சியில் ஒரு மிதவையைக் கட்டிவிடுவது உலகெங்கும் ஏரிகளில் வழக்கம்.

வழிவிடும் விதிகளும் இந்தக் காற்றுக் கணக்கிலிருந்து வருபவை. 1972ஆம் ஆண்டின் கடல்மோதல் தடுப்புச் சர்வதேச விதிகள் பாய்ப்படகுகளுக்குச் சொல்வது சுருக்கமானது. இரண்டு படகுகள் நெருங்கும்போது, வெவ்வேறு பக்கத்தில் காற்றை வாங்கினால், இடப்பக்கத்தில் காற்றை வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கினால், காற்று வரும் பக்கம் இருக்கும் படகு மற்றதற்கு வழி விட வேண்டும். இரண்டாம் விதியின் நியாயம் எளிது. காற்றுப் பக்கம் இருக்கும் படகின் பாய், கீழ்ப்பக்கப் படகுக்கு வரும் காற்றை மறைக்கிறது. மேலே இருப்பவருக்குக் காற்றும் இடமும் இருக்கின்றன. கீழே இருப்பவருக்கு இரண்டும் குறைவு. வசதி உள்ளவர் ஒதுங்க வேண்டும். முதல் விதிக்கு அப்படி இயற்பியல் காரணம் ஏதும் இல்லை. சாலையில் இடப்புறம் செல்வதுபோல, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. வலப்பக்கக் காற்றில் வருபவர் உரிமையோடு “ஸ்டார்போர்டு!” என்று குரல் கொடுப்பார், எதிரே வருபவர் சுக்கானைத் திருப்புவார். அந்தச் சொல்லின் பழைய பொருள் சுக்கான் இருக்கும் பக்கம் என்பதே. பழங்கால ஐரோப்பியப் படகுகளில் சுக்கான் துடுப்பு வலப்புறத்தில் கட்டப்பட்டிருந்தது. அது நொறுங்காமலிருக்க இடப்புறத்தையே துறையோடு அணைத்து நிறுத்தினார்கள். ஆகவே இடப்பக்கம் துறைப்பக்கம், அதாவது போர்ட் ஆனது.

இயந்திரப் படகு பாய்ப்படகுக்கு வழி விட வேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. அதை அரைகுறையாக அறிந்திருப்பது அரசலாற்றில் ஆபத்து. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகுதான் விலக வேண்டும். வலை விரித்த படகால் நினைத்தபோது திரும்ப முடியாது. குறுகிய கால்வாயில், அதற்குள் மட்டுமே பத்திரமாகச் செல்லக்கூடிய படகுக்கும் பாய்ப்படகு இடையூறு செய்யக்கூடாது. துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகு ஆழமான நடு ஓடையைத் தவிர வேறெங்கும் போக முடியாது. பாய்ப்படகோ கரையோரம் வரை போகும். இன்னொன்று: பாய் விரித்திருந்தாலும், பின்னால் பொருத்திய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் படகு விதிப்படி இயந்திரப் படகுதான். பாய்ப்படகின் உரிமை எதையும் அது கோர முடியாது. அதைப் பிறருக்கு அறிவிக்கப் பகலில் நுனி கீழ்நோக்கிய கூம்பு ஒன்றை முன்புறம் தொங்கவிட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. காரைக்கால் நீரில் இவ்விதிகளின் உட்பொருளை ஒரே வரியில் சொல்லலாம்: பிழைப்புக்காக நீரில் இருப்பவருக்கே முதல் வழி.

போட்டி விதிகள் வேறு வகை. அவற்றில்தான் இந்த விளையாட்டின் இனிமை தெரியும். பாய்ப்படகுப் பந்தயத்தில் ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் ஓடிவருவதில்லை. விதியை மீறியவர் தானே ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலேயே தண்டனையையும் நிறைவேற்ற வேண்டும். மற்றொரு படகின் உரிமையை மீறினால் இரண்டு முழுச் சுற்று; எல்லை மிதவையில் இடித்தால் ஒரு சுற்று. முன்னணியில் இருக்கும் படகு ஒன்று, யாரும் சொல்லாமலே விலகி நீரில் இரண்டு வட்டமிட்டுவிட்டுப் பின்வரிசையில் சேர்ந்துகொள்ளும் காட்சி, விளையாட்டு உலகில் அரிதாகக் காணக் கிடைப்பது. மீறியவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பாதிக்கப்பட்டவர் “புரொட்டஸ்ட்!” என்று உரக்கச் சொல்லிக் கரையேறிய பின் விசாரணை கேட்கலாம். பெரிய படகுகள் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும்.

தொடக்கத்துக்குக் கொடிகளே கடிகாரம். 5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும். 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும். 1 நிமிடத்தில் அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்கினால் பந்தயம் தொடங்கியது என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒலியும் எழுப்புவார்கள், ஆனால் நேரத்தைக் கொடியைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று விதி திட்டமாகச் சொல்கிறது. காரணம் இயற்பியல். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நடுவர் படகிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் ஒன்றரை நொடி தாமதமாகக் கேட்கும். அதற்குள் அருகில் நின்ற படகு 3 மீட்டர் முன்னே போயிருக்கும். கொடி எல்லாருக்கும் ஒரே கணத்தில் தெரியும்.

படகை நகர்த்தக் காற்றையும் நீரையும் தவிர வேறெதையும் பயன்படுத்தக்கூடாது என்பது மற்றொரு விதி. பாயை விசிறிபோல் மீண்டும் மீண்டும் இழுப்பதும், உடம்பை ஆட்டிப் படகை உலுக்குவதும் குற்றம். காற்று நின்றுபோன ஏரியில் இந்த விதி பெரிய சோதனை. இருபது படகுகள் அசையாமல் நிற்க, அனைவரும் நீரில் எங்காவது ஒரு சுருக்கம் தோன்றுமா என்று பார்த்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருப்பார்கள். விசிலடித்தால் காற்று வரும் என்பது ஐரோப்பிய மாலுமிகளின் பழைய நம்பிக்கை. அதற்கு விதியில் தடை இல்லை.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடும் சிறு ஊர்க் கிளப்புகளுக்கு, பிரிட்டனில் தோன்றிய போர்ட்ஸ்மவுத் எண்முறை கைகொடுக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் வரும். விரைவான படகின் எண் 1100 என்றும், சிறுவர் படகின் எண் 1640 என்றும் வைத்துக்கொள்வோம். பெரியவர் 60 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 54.5 நிமிடம். சிறுமி ஒருத்தி 85 நிமிடத்தில் முடித்தால் 51.8 நிமிடம். கரைக்கு 25 நிமிடம் பிந்தி வந்தவள் வென்றிருக்கிறாள். குடும்பம் குடும்பமாக ஒரே நீரில் போட்டியிட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எல்லா விதிகளுக்கும் முன்னால் நிற்பது முதல் விதி: ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியைச் செய்தே ஆக வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, வேறொரு போட்டியில் படகு கவிழ்ந்து அடிபட்டிருந்த சிங்கப்பூர் வீரர்கள் இருவரைக் கண்டு திரும்பிச் சென்று காப்பாற்றினார். அவருடைய பந்தயம் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் உதவியதால் இழந்த இடத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. நடுவர் குழு அந்தப் பந்தயத்துக்கு அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. சர்வதேச ஒலிம்பிக் குழு பியேர் த குபெர்த்தன் பதக்கம் அளித்தது.

கற்பவர் படகுகளின் கதையும் எளிமையானது. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கலைஞர், ஏழைக் குழந்தைகளுக்கும் கட்டுப்படியாகும்படி இரண்டு பிளைவுட் தகடுகளில் ஒரு படகைச் செய்தார். தகட்டின் நீளம் 8 அடி. படகும் ஏறத்தாழ அவ்வளவுதான். மழுங்கிய முகத்தோடு தொட்டிபோல் இருக்கும் அந்த ஆப்டிமிஸ்ட் படகில்தான் உலகெங்கும் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் கற்கிறார்கள். அடுத்த படி, புரூஸ் கெர்பி தொலைபேசியில் பேசியபடியே கிறுக்கிய ஓவியத்திலிருந்து பிறந்த லேசர். இன்றைய பெயர் ஐஎல்சிஏ. ஒரே படகுடலில் மூன்று அளவுப் பாய்களை மாற்றி மாட்டலாம். உடல் எடை கூடக் கூடப் பாயும் பெரிதாகும். மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு இங்கே விற்பனைப் பொருளாகவே வந்துவிட்டது.

இந்தியாவில் இப்படகுகளில் வளர்ந்தவர்களுள் தமிழகத்தவர் பலர். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் இவ்விளையாட்டை வளர்த்தது. சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் பங்கேற்றார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் இரு ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபால் மேல் ஏரியில் பயிற்சி பெற்ற நேஹா தாகூர், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் வென்றது இதைவிடக் கவனிக்கத்தக்கது. ஏரி நீர் போதும் என்பதற்கு அது சான்று.

அரசின் சட்டத்துக்கு வந்தால், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிக் கொண்டுவரப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறையை ஏற்படுத்தியது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், இயந்திரக் கலங்களுக்குப் பதிவையும் தகுதி ஆய்வையும் கட்டாயமாக்குகிறது. இயந்திரம் இல்லாதவை தனிப் பிரிவு. அவற்றைப் பெயர்ப்பதிவு செய்யும் வேலையை மாவட்ட, வட்ட, ஊராட்சி அளவிலான அமைப்புகளிடம் ஒப்படைக்க அது வழி செய்கிறது. காரைக்காலில் அந்த அடித்தள அமைப்புக்கு வேறு பெயர் இருக்கிறது. 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக இங்கே நகராட்சிக்கு வெளியே உள்ளவை கொம்யூன் பஞ்சாயத்துகள்: திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம்.

இயந்திரம் உண்டா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பது போதுமா என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி. பிரான்சில் பாய்ப்படகுக்கு உரிமம் தேவையில்லை, 4.5 கிலோவாட்டைத் தாண்டிய இயந்திரத்துக்குத் தேவை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சூழ்ந்த கான்ஸ்டன்ஸ் ஏரியில் பாயின் பரப்பு 12 சதுர மீட்டரைத் தாண்டினாலே தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். பாயின் பரப்பை அளப்பது விசையை அளப்பதற்கு ஒப்பு. ஆபத்தின் மூலத்தையே அளக்கும் இந்த முறை மேலும் பொருத்தமானது.

முகத்துவாரத்துக்குக் கூடுதலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் பொருந்தும். 2019 அறிவிக்கையின்படி, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பளவு ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை ஆறு கடலின் செல்வாக்குக்கு உட்பட்டது. அந்த எல்லைக்குள் கரையில் படகுத்துறையோ கொட்டகையோ நிரந்தரமாகக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். சரணாலய நீர்நிலைகளில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். புதுச்சேரியின் ஊசுடு ஏரி 2008இல் பறவைச் சரணாலயமானது. அத்தகைய நீரில் பாய்ப்படகு சத்தமில்லாதது என்பதற்காகப் பறவைக் கூட்டத்தை நெருங்கிவிட முடியாது.

சட்டம் எதற்கு என்பதை விளக்கும் நாட்கள் பல கடந்திருக்கின்றன. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து இறந்தவர்கள் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7இல் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18இல் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளி மாணவர் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். இவற்றில் ஒன்றுகூடப் பாய்ப்படகில்லை. எல்லாமே உல்லாசப் பயணம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், உயிர்காப்பு அங்கி இல்லாததும் அணியாததும் இந்தப் பேரிழப்புகளின் விவரங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் வெளியிட்ட படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவதும் இவற்றைத்தான். ஆயினும் பயணம் முடியும்வரை அங்கியைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையில் இருக்கும் அங்கி கவிழும் நொடியில் பயன்படாது.

அங்கியிலும் வகை உண்டு. மிதவை ஆற்றல் நியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு. நீந்தத் தெரிந்தவர், உதவி அருகில் இருக்கும் நீரில் அணிவதற்கானது. ஏரிப் பாய்ப்படகுக்கு அது போதும், கை கால் அசைவுக்கும் இடம் தரும். நீந்தத் தெரியாதவருக்கு 100 வேண்டும். நினைவிழந்தவரையும் முகம் மேலாகத் திருப்பி வைக்கக் கூடியது 150 வகை. குழந்தைக்கு அளவு பெரிதான அங்கி, தோளுக்கு மேல் நழுவிவிடும். கால்களுக்கு இடையே கட்டும் வாரைத் தவிர்க்கக்கூடாது.

கடைசியாக வானம். பாய்மரம் பெரும்பாலும் அலுமினியக் குழாய். அகன்ற நீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருளும் அதுவே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது கரையேறிவிட வேண்டும். கரையிலும், படகை நிமிர்ந்த மரத்தோடு இழுத்துச் செல்லும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தென்மேற்குப் பருவ மாதங்களில் பிற்பகல் இடிமழை மேற்கிலிருந்து வரும். அதற்கு முன்னோடியாகச் சில நிமிடங்கள் காற்று முற்றிலும் அடங்கி, பிறகு ஒரேயடியாக வீசும். அந்த அமைதியே எச்சரிக்கை. வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று காரைக்காலிலேயே இருப்பதால், மழைத்திரள் நகர்வதை அதன் படத்தில் கைப்பேசியிலேயே பார்த்துவிட முடியும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வாடைக் காற்றும் புயலும் ஆற்றுவெள்ளமும் சேரும் காலம். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா தெற்கே வேதாரண்யத்தை ஒட்டிக் கடந்தபோதும் இங்கே சேதம் இருந்தது. இந்த மாதங்களில் பாய்ப்படகுக்கு வேலை இல்லை. பாயையும் கயிறுகளையும் நன்னீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும். பாய்மரத்தைக் கழற்ற வேண்டும். படகை வெள்ளம் ஏறாத மேட்டில் கவிழ்த்துப் போட்டு, இரு முனைகளையும் தரையில் அடித்த முளைகளோடு இறுக்கிக் கட்ட வேண்டும். தை பிறந்து வாடை தணிந்ததும், முகத்துவாரத்தில் மணல் இந்த ஆண்டு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைத் துறைமுகத்து மீனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மறுபடி நீரில் இறக்குவார்கள்.